சரிவுகளில் நிற்கும் அபாய மரங்கள்: வெட்டக் கோரும் மனுக்களைப் பரிசீலிக்கும் முறை

புரட்டாசி பாதி கழிந்ததும் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு ஒருவகை மனு வரத் தொடங்குகிறது. மேற்படி மரம் எந்நேரமும் விழக்கூடிய நிலையில் இருக்கிறது, உயிர்ச்சேதம் நேருமுன் அதை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதன் சாராம்சம். சிலவற்றில் பத்துக் கையெழுத்துகள் இருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு கைநாட்டு இருக்கும். பல பஞ்சாயத்துகளில் இத்தகைய மனுக்கள் கூட்டத்தின் கடைசி விஷயமாக வாசிக்கப்பட்டு, ஐந்து நிமிஷத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. சில வேளை எல்லாவற்றுக்கும் சம்மதம். சில வேளை எல்லாவற்றுக்கும் மறுப்பு. இரண்டுமே பரிசீலனை ஆகா. சமதரையில் நிற்கும் மரத்தைப் பற்றிய முடிவு தவறினால் நஷ்டம் ஒரு மரத்தோடு போகலாம். சரிவில் நிற்கும் மரத்தைப் பற்றிய முடிவு தவறினால் மரத்தோடு மண்ணும் போகும். மண்ணோடு ஏரியும் போகக்கூடும். ஆகவே சரிவில் நிற்கும் மரங்களைப் பற்றி மட்டும் இங்கே ஆராய்வோம்.

சரிவு என்றதும் நீலகிரியும் கொடைக்கானலும் நம் நினைவுக்கு வருகின்றன. திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலுள்ள கிளியனூர்ப் பக்கத்தில் மலை ஏது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். மலை இல்லை, ஆனால் சரிவுகள் உண்டு. முதலாவது, ஏரிக்கரை. நம் முன்னோர் மண்ணைச் சுமந்து கொட்டி எழுப்பிய ஒவ்வொரு கரையும் இரண்டு பக்கமும் சரிந்த ஒரு சிறு குன்றுதான். இரண்டாவது, வானூர் வட்டாரத்துச் செம்மண் மேடுகளை மழைநீர் அறுத்து உண்டாக்கிய ஓடைகளின் பக்கச் சரிவு. இந்த மேட்டு நிலம் எவ்வளவு எளிதில் கரையும் என்பதை ஆரோவில் பக்கத்து ஓடைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கரைந்த மண் தாழ்ந்த ஏரிகளில் படிகிறது. மிஞ்சியது கழுவேலிக்குப் போகிறது. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் அந்தக் கழுவேலி, 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே நம் ஓடைக்கரையில் வெட்டப்படும் ஒரு புங்கமரத்தின் விளைவு நம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

இந்தப் பகுதி இரண்டு புயல்களால் இரண்டு பாடங்களைப் படித்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் காற்றால் அடித்தது. பலாவும் முந்திரியும் சவுக்கும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மரம் விழும் என்ற அச்சம் அன்றுதான் நம் ஜனங்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் மழையால் அடித்தது. மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே மழையில், டிசம்பர் முதல் தேதியன்று, திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். முதல் புயல் மரத்தைக் கண்டு அஞ்சக் கற்பித்தது. இரண்டாவது, சரிவைக் கண்டு அஞ்சக் கற்பித்தது. முதல் அச்சத்துக்காக மரத்தை எடுத்துவிட்டு இரண்டாவது ஆபத்தை நாமே வரவழைத்துக்கொள்ளக் கூடாது. நம் முன் வரும் ஒவ்வொரு மனுவிலும் உள்ள சிக்கல் இதுவே.

வேர் செய்யும் வேலை

மரத்தின் வேர் கிளை பரவிய அளவுக்குமேலும் பக்கவாட்டில் பரவுகிறது. ஆனால் அதன் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கிறது. இந்த வேர்ப்பின்னல் மண்ணைக் கயிறுபோல் கட்டி வைக்கிறது. தழைப்பந்தல் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. மரம் உறிஞ்சி வெளிவிடும் நீரால் சரிவு ஓரளவு உலர்ந்து இலேசாக இருக்கிறது. மரத்தை வெட்டினால் பின்னிரண்டும் அன்றைக்கே நின்றுபோகின்றன. வேரின் பிடிப்பு மட்டும் உடனே போவதில்லை. அது சில ஆண்டுகளில் சிறுகச் சிறுக இற்றுப்போகிறது. புதிதாக நட்ட கன்று அதே பிடிப்பைப் பெற அதற்கும் பல ஆண்டுகள் ஆகும். பழைய வேர் இற்று, புதிய வேர் இறங்காத அந்த இடைக்காலந்தான் சரிவுக்கு மிகவும் பலவீனமான காலம். மரம் வெட்டிய ஆண்டில் ஒன்றும் ஆகவில்லையே என்று மகிழ்கிறவர்கள், நான்காம் ஆண்டு மழையில் மண் சரியும்போது அதற்கும் இதற்கும் உள்ள உறவை மறந்துவிடுகிறார்கள்.

இதனால் நாம் கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. உடனடி ஆபத்து இல்லாத மரமாயின், முதலில் நடுதல், பிறகு வெட்டுதல். மாற்றுக் கன்றும் புல்லும் இரண்டு மூன்று மழைக்காலம் வேரூன்றிய பிறகே மூத்த மரத்தில் கை வைக்க வேண்டும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே வெட்டுவது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். சரிவுக்கு அதனால் பயன் இல்லை.

ஏரிக்கரை வேறு, ஓடைச் சரிவு வேறு

இங்கே ஒரு முக்கியமான வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். வேர் மண்ணைக் காக்கிறது என்பது இயற்கைச் சரிவுக்கு முழுவதும் பொருந்தும். நீரைத் தாங்கி நிற்கும் ஏரிக்கரைக்கு அது பாதிதான் பொருந்தும். கரையில் வளர்ந்த பெருமரம் புயலில் சாய்ந்தால் தன் வேர்ப்பிடி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. ஏரி நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கரையில் அப்படி ஒரு குழி விழுந்தால் அதன் பின் உடைப்பைத் தடுப்பது கடினம். மரம் விழாமல் பட்டுப்போனாலும் தொல்லைதான். கரைக்குள் ஊடுருவிய பருத்த வேர்கள் உளுத்துக் குழாய் போன்ற வழிகளாகிவிடும். நீர் அவற்றின் வழியே கசிந்து, மண்ணை அரித்து, ஒரு நாள் கரையைத் துளைத்துவிடும். மதகின் அருகே நிற்கும் ஆலும் அரசும் கட்டுமானத்தின் இடுக்குகளில் வேர் விட்டுப் பிளந்துவிடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே ஒரே வயதுள்ள, ஒரே வகையான இரண்டு வேப்பமரங்களுக்கு இரண்டு விதமான தீர்ப்புக் கூற நேரலாம். ஓடைச் சரிவில் நிற்கும் வேம்பு வெட்டித்தான் தீர வேண்டும் என்று முடிவானால், தரையோடு அறுத்து அடிக்கட்டையையும் வேரையும் அப்படியே விட்டுவிட வேண்டும். தோண்டி எடுக்கக் கூடாது. அது துளிர்த்தால் மிகவும் நல்லது. தழையைக் கழித்துக் குற்றுமரமாக வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரையில் நிற்கும் வேம்பை எடுத்தாலோ, பருத்த வேர்களோடு கட்டையையும் தோண்டி எடுத்து, குழியின் பக்கங்களைச் சரிவாகச் செதுக்கி, கரைக்கேற்ற களிகலந்த மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இந்த வேலைக்குரிய காலம் ஏரி வற்றியிருக்கும் பங்குனி முதல் ஆனி வரை. மழை தொடங்கிய பிறகு கரையில் கட்டையைப் பறிப்பதைவிட, கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்து, அடுத்த கோடை வரை மரத்தை நிறுத்தி வைப்பதே உசிதம். மண்வெட்டி இயந்திரத்தை அழைத்துக் கட்டையைப் பிடுங்கிவிட்டு, மேலே தளர்ந்த மண்ணை வாரிப் போட்டுச் சக்கரத்தை ஓட்டிப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. சீமைக்கருவேலத்தை ஒழிக்கும் நல்ல காரியம்கூட இந்த அவசரத்தால் சில கரைகளுக்குக் கெடுதலாக முடிந்திருக்கிறது. கருவேலத்தை ஒழிக்க வேண்டியதுதான்; அதற்குரிய குழியையும் மூட வேண்டியதுதான்.

பனைக்கு மட்டும் தனி நியாயம். அதற்குப் பருத்த பக்க வேர்கள் கிடையா. சரம் சரமான நார்வேர்கள் அடிக்கட்டையிலிருந்து கொத்தாக இறங்குகின்றன. காற்றுக்கு அது தலை கொடுப்பதும் குறைவு. நம் பெரியவர்கள் கரையோரங்களில் பனையை வரிசையாக நட்டது காரணம் இல்லாமல் அல்ல. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி அவசியம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பனையை அபாய மரம் என்று குறிப்பிட்டு மனு வந்தால், அதன் தலை பட்டுப்போயிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பக்கத்தில் செங்கற்சூளை இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

மனுவை மரத்தடியில் படியுங்கள்

மனு எங்கே எழுதப்பட்டிருந்தாலும் மரத்தடியில் நின்றுதான் அதைப் படிக்க வேண்டும். தலைவர், அந்த வார்டு அங்கத்தினர், கிராம நிர்வாக அலுவலர், மரம் ஏறிப் பழகிய ஒருவர், மனுதாரர் ஆகியோர் சேர்ந்து போவது சிலாக்கியம். ஏரிக்கரையாயின் நீர்க்கட்டி அல்லது பாசன சங்கத்தார் ஒருவரும் உடன் வரட்டும். எந்த ஆண்டு எந்த இடத்தில் கசிவு கண்டது என்பது அவருக்கே தெரியும்.

அங்கே கேட்க வேண்டிய முதற் கேள்வி, மரம் விழுமா என்பதன்று. விழுந்தால் யார் மேல் விழும் என்பதே. மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தைச் சுற்றிலும் அளந்து பாருங்கள். சரிவில் விழும் மரம் கீழ்ப்புறமாக உருளவும் கூடும் என்பதால் அந்தப் பக்கத்தில் இன்னும் தாராளமாக அளக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வீடு, பள்ளி, பாதை, மின்கம்பி, மதகு எதுவும் இல்லையானால், உள்ளே பொந்துள்ள கிழமரங்கூட அபாய மரம் ஆகாது. அது ஆந்தைக்கும் கிளிக்கும் வீடு; அவ்வளவே. எல்லைக்குள் இருப்பது ஒரு மாட்டுக் கொட்டகையோ விறகுக் கிடங்கோ ஆனால், அதை இடம் மாற்றுவது மரத்தை வெட்டுவதைவிட மலிவாக முடியும். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆயினும் மரத்தை நகர்த்த முடியாது, கொட்டகையை நகர்த்த முடியும் என்பது கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

அடுத்ததே மரத்தின் நிலை. மரம் நெடுநாளாகச் சாய்ந்தே வளர்ந்ததா, அண்மையில் சாய்ந்ததா? பழைய சாய்வில் நுனி மீண்டும் நிமிர்ந்திருக்கும். புதிய சாய்வில் எதிர்ப்புறத்து மண் வெடித்து மேலெழும்பியிருக்கும். இது உண்மையான ஆபத்து, ஒத்திப்போடக் கூடாது. அடிமரத்தில் தட்டையான காளான்கள் அடுக்கடுக்காகக் கிளைத்திருந்தால் உள்ளே கட்டை உளுத்துவிட்டது என்று பொருள். மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் வெற்றோசை எங்கே கேட்கிறது என்பது தெரியும். பொந்து விழுந்த மரமெல்லாம் விழும் என்பது தவறு. உறுதியான வெளிக்கட்டையின் கனம் மரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் மரம் நிற்கும் என்பது மர நிபுணர்கள் கைக்கொள்ளும் ஓர் உத்தேசக் கணக்கு. கவட்டையில் பிளவு, உச்சியில் காய்ந்த பெருங்கிளை, சாலை அகலப்படுத்தியபோதோ குழாய் பதித்தபோதோ ஒரு பக்கத்து வேரை அறுத்த அடையாளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சரிவின் அடிவாரத்தில் யாராவது மண் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்கத் தவறக் கூடாது. மண் எடுத்ததால் வேர் வெளிப்பட்ட மரத்தைக் குற்றம் சாட்டி, மண் எடுத்தவரே மனுக் கொடுப்பதும் உண்டு. பட்டையை வளையமாக உரித்திருக்கிறதா, துளையிட்டு ஏதேனும் ஊற்றியிருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தப்பாது. ஆபத்தான மரங்கள் சில தாமாக ஆகின்றன, சில ஆக்கப்படுகின்றன.

இத்தனை சொன்னதால் மனுதாரர்களை எல்லாம் சந்தேகிக்க வேண்டும் என்பதில்லை. கரைக்கு அடியில் கூரைவீட்டில் குடியிருக்கும் ஒரு மூதாட்டி, மழை இரவுகளில் மரம் முனகும் சத்தத்தைக் கேட்டு உறங்காமல் உட்கார்ந்திருப்பவள், கைநாட்டு வைத்துக் கொடுக்கும் மனுவையே நாம் முதலில் எடுக்க வேண்டும். நடைமுறையில் அதுதான் கடைசியாகப் போகிறது; மரத்தின் விலையை அறிந்தவர்களின் மனு முந்திக்கொள்கிறது. அந்த வீடு சரிவின் அடியில் இருப்பதே ஆபத்தாக இருந்தால், மரம் வெட்டினாலும் ஆபத்துத் தீராது. வேறிடத்தில் மனைப்பட்டாவுக்கு அவளுடைய பெயரைப் பரிந்துரைப்பதும் அதே தீர்மானத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

வெட்டுவதற்கும் விடுவதற்கும் நடுவே பல படிகள் உண்டு. காய்ந்த கிளையை மட்டும் அகற்றலாம். தழையைக் கழித்துக் காற்றின் பிடியைக் குறைக்கலாம். உச்சியைத் தணிக்கலாம். பிளந்த கவட்டைக்கு இரும்புப் பட்டை போடலாம். தீர்மானத்தில் ‘அகற்றலாம்’ என்று ஒரே சொல் எழுதுவதற்குப் பதிலாக எந்தக் கிளை, எவ்வளவு, எப்போது என்று எழுதினால், ஒரு கிளைக்கு வாங்கிய அனுமதியில் முழு மரமும் லாரியில் ஏறிப் போவதைத் தடுக்கலாம்.

அனுமதி யாருடையது?

பஞ்சாயத்துத் தீர்மானமே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வள இலாகாவின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது பஞ்சாயத்து ஒன்றியத்தின் பொறுப்பு. அரசு நிலத்திலும் பொது இடத்திலும் உள்ள மரங்களை வெட்டக் கோருவதை ஆராய, 2021 முதல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. நம் தீர்மானம் அங்கே போகும் ஒரு பரிந்துரையே. தனியார் நிலத்து மரம் அண்டை வீட்டார்மேல் விழும் நிலையில் இருந்தால் வழி வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அதிகாரம், 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் தொடர்கிறது. அதன்படி நிர்வாக நடுவர், விழக்கூடிய மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடலாம். தாங்கு கொடுப்பதையும் சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும்.

மலைப் பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. குழுவின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் அங்கே மரம் வெட்ட முடியாது. இச்சட்டம் நம் பகுதிக்குப் பொருந்தாது; ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் பொருந்தும். கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நுட்பமானது. பட்ட மரம், நோயுற்ற மரம், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான மரம் ஆகியவற்றை வெட்ட அனுமதி மறுக்கலாகாது என்கிறது. முற்றிய மரத்துக்கும் அவ்வாறே என்று கூறி, அது செங்குத்தான சரிவில் நிற்காதிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கிறது. சரிவில் முற்றி நிற்கும் நல்ல மரத்துக்கு ஆசைப்படுகிறவர் அதற்கு அபாய மரம் என்று பெயர் சூட்டத் தூண்டப்படுவது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

மண் வெடித்துச் சாய்ந்துகொண்டிருக்கும் மரத்துக்குக் குழுக்கூட்டம் வரை காத்திருக்க முடியாது. முதலில் கீழே உள்ளவர்களை வெளியேற்றுங்கள். பாதையைக் கயிறு கட்டி அடையுங்கள். மின்வாரியத்தாரைக் கொண்டு கம்பியில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தகவல் கொடுங்கள். நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, சாட்சிகள் கையெழுத்துடன் மகஜர் எழுதி வைத்துக்கொண்டு, ஆபத்தை நீக்கத் தேவையான அளவுக்கு மட்டும் வெட்டலாம். விழுந்த கட்டை அரசின் சொத்து. ஏலம் ஆகும் வரை அது அங்கேயே கிடக்க வேண்டும்.

வெட்டும்போதும் பிறகும்

கிளைகளை மேலிருந்து கீழாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். அடிமரத்தைச் சரிவில் உருட்டிவிட்டால் அது உழுதுகொண்டு போகும் பள்ளமே அடுத்த மழையில் ஓடையாகிவிடும். நனைந்த கரைமேல் லாரி ஏறக் கூடாது. கட்டைக்குத் தீ வைப்பது எல்லாவற்றிலும் கெட்டது. வேர் வழியே கனன்று மண்ணுக்குள் வளைகளை உண்டாக்கும். மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் பருவமானால், ஆபத்து உடனடியானதாக இல்லாத பட்சத்தில் வேலையை ஒத்திப்போட வேண்டும். கழுவேலியை ஒட்டிய நம் ஊர்களில் இது சிறிய விஷயம் அன்று.

வெட்டிய இடத்தில் ஓடைச் சரிவாயின் வெட்டிவேரை வரிசையாகச் சம உயரத்தில் நட்டு, இடையே நொச்சியும் புங்கமும் வைக்கலாம். வெட்டிவேர் பத்தடி ஆழம் வரை இறங்கக்கூடியது. ஏரிக்கரையாயின் மேலே அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். கரையின் அடிக்காலுக்கு வெளியே சற்றுத் தள்ளிப் பனை விதையை ஊன்றலாம். கரைமேல் புதிதாகப் பெருமரம் வேண்டாம்.

பஞ்சாயத்தில் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, மனு வந்த தேதி, தலத்தில் கண்டது, முடிவு, வெட்டிய நாள், குழி மூடிய முறை ஆகியவற்றை எழுதி வர வேண்டும். வெட்டிய இடத்தைத் தொடர்ந்து ஐந்து மழைக்காலமாவது, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும், ஒருவர் நடந்து போய்ப் பார்த்து ஒரு வரி எழுதட்டும். கரையின் வெளிப்புறத்தில் கசிவு தெளிந்த நீராக இருந்தால் இடத்தைக் குறித்துத் தினமும் கவனிக்கலாம். கசிவு கலங்கி, செம்மண் நிறமாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். அந்த நேரமே மணல் மூட்டைகளோடு ஆட்களை அனுப்பி, மதகைத் திறக்க ஏற்பாடு செய்து, ஏரிக்கு உரிய பொறியாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.